வாய் திறக்காத ஹார்ன்



பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்கு ஹார்ன் சத்தம் ஒரு தலைவலி. தோட்டத்தில் இருக்கும் நமக்கு அது காவல். உள் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். இரண்டு பக்கமும் செம்பனை மட்டை விரித்து நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்க வழியே கிடையாது. பழக்குலை ஏற்றிய டிராக்டர் வரலாம். வேலை முடிந்த களைப்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரலாம். பள்ளி விட்ட பிள்ளைகள் மூன்று பேராகச் சேர்ந்து சாலையை அடைத்துக்கொண்டு சைக்கிளில் வரலாம். ஆகவே வளைவுக்குச் சற்று முன்னாலேயே இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இது நம் பெரியவர்கள் பழக்கிவைத்த நல்ல பழக்கம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் பழைய ஜப்பான் பிக்கப் ஒன்று உண்டு. 1970-ஆம் ஆண்டுகளில் வந்த வண்டி; வயதில் என்னைவிட மூத்தது. அவர் மனைவி போடும் கீரை, வெண்டை, கத்தரிக்காய்களைச் சந்தைக்குக் கொண்டு போவதும், மாட்டுத் தீவனம் ஏற்றி வருவதும் அந்த வண்டிதான். கோயில் திருவிழா வந்தால் அரிசி மூட்டையும் அண்டாவும் அதில்தான் வரும்.

அந்த வண்டியின் ஹார்ன் ஒரு நாள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. பெரியவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“சார், நேரா போறப்ப வாயைத் தொறக்க மாட்டேங்குது. இடது பக்கம் ஒடிச்சாதான் ஒரு சத்தம் குடுக்குது. வளைவுக்கு முன்னாடி கத்த வேண்டியது, திரும்பின பிறகு கத்துனா யாருக்கு சார் பிரயோசனம்?”

பட்டணத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருக்கிறார். ஹார்ன் போய்விட்டது என்று சொல்லி, இரண்டு ஹார்னையும் மாற்றி 90 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். புது ஹார்னும் ஊதவில்லை. மறுபடி போனபோது, ‘வயர் எல்லாம் பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றவேண்டும், 450 வெள்ளி ஆகும்’ என்றார்கள். கீரை விற்று வரும் காசில் 450 வெள்ளி என்றால் சின்னத் தொகையா? அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று முதல் வளைவுகளில் சன்னல் வழியாகக் கையை நீட்டி, கதவைத் தட்டிக்கொண்டே போனார். எத்தனை நாளைக்குத் தட்ட முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். நான் போமன் அல்ல. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் மின்சுற்று சொல்லிக் கொடுப்பவன். பேட்டரியில் புறப்பட்ட மின்சாரம் சுற்றிக்கொண்டு மறுபடி பேட்டரிக்கே வந்து சேரவேண்டும். நடுவே ஓரிடத்தில் அறுந்தாலும் விளக்கு எரியாது. பாடம் இவ்வளவுதான். வண்டியிலும் இதே பாடம்தான், கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

என்னிடம் இருந்த சாமான் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, அதில் இணைத்த இரண்டு வயர், நடுவே ஃபியூஸ் வைத்த தனி வயர் ஒன்று, உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர். பெரியவரின் பேரன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். பல்பைப் பிடிக்கும் வேலை அவனுக்கு. கியரை நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, என்ஜினை ஓட விடாமல் ஆரம்பித்தோம்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹார்னுக்கு இரண்டு பாதை உண்டு. ஹார்ன் நிறைய மின்சாரம் இழுக்கும் சாமான். அவ்வளவையும் ஸ்டியரிங் நடுவில் இருக்கும் பட்டன் வழியாக அனுப்பினால் பட்டன் கருகிவிடும். அதனால் என்ஜின் பக்கத்தில் ‘ரிலே’ என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். பட்டனை அமுக்கினால் மெல்லிய வயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடி ரிலேயைத் தட்டி எழுப்பும். ரிலே எழுந்து, தடித்த வயர் வழியாக ஹார்னுக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். கிராணி கையெழுத்துப் போட்டால் ஸ்டோர்காரர் கதவைத் திறப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிலே எழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஹார்ன் கோளாறில் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பட்டனை அமுக்கும்போது ‘டிக்’ வந்தும் ஹார்ன் ஊதவில்லை என்றால், பட்டன் பக்கம் நல்லது. கோளாறு ரிலேயின் உள் முனையிலோ, ஹார்னுக்குப் போகும் வயரிலோ, ஹார்னிலோதான். ‘டிக்’ வரவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பட்டன், பட்டனுக்குப் போகும் மெல்லிய வயர் இவற்றைப் பார்க்கவேண்டும். ஒரு காசு செலவில்லாமல் பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

பெரியவரைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். பேரன் ரிலே பக்கம் காதை வைத்துக் கேட்டான். “ஒன்னும் கேக்கல சார்” என்றான்.

முதலில் ஃபியூஸ். கண்ணாடிக்குள் கம்பி முழுதாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணை நம்பக்கூடாது. கம்பி நன்றாக இருந்தும் முனையில் துரு பிடித்தால் மின்சாரம் போகாது. பல்பின் ஒரு வயரை வண்டியின் இரும்பில் வைத்து, மற்றதை ஃபியூஸின் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றித் தொட்டோம். இரண்டிலும் பல்பு எரிந்தது. ஃபியூஸ் நல்லது.

அடுத்து ஹார்ன். ஃபியூஸ் வைத்த வயரைப் பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஹார்னின் முனைக்கு நேராகக் கொடுத்தோம். ஐயோ, அந்தச் சத்தம்! வாசலில் மேய்ந்த கோழிகள் கொல்லைக்கே ஓடிவிட்டன. பெரியவர் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ஹார்ன்களைக் கொண்டுவந்தார். அவற்றின் உடல் இரும்பைப் படும்படி பிடித்து அதே வயரைக் கொடுத்தோம். இரண்டும் கணீரென்று ஊதின! மாற்றவே தேவையில்லாத ஹார்னுக்கு 90 வெள்ளி போயிருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஹார்ன்களின் மேல் இருந்த தூசியை மட்டும் துடைத்தார்.

ஹார்னுக்குள் என்ன இருக்கிறது என்று பேரன் கேட்டான். மெல்லிய இரும்புத் தகடு ஒன்று, அதை இழுக்க ஒரு மின்காந்தம், அவ்வளவுதான். காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்தவுடன் உள்ளே மின்சாரம் தானே அறுபடும். தகடு பழைய இடத்துக்குத் திரும்பும். மறுபடி மின்சாரம் சேரும். இப்படி வினாடிக்கு 300, 400 தடவை நடக்கிறது. அந்த நடுக்கம்தான் நம் காதில் விழும் சத்தம். மின்சார ஹார்னை வண்டிகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மில்லர் ரீஸ் ஹட்ச்சிசன் என்ற அமெரிக்கர். அவருடைய ‘கிளாக்ஸன்’ ஹார்ன் 1908-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு அவர் பேர் வாங்கியது எதில் தெரியுமா? காது கேளாதவர்களுக்கான மின்சாரக் கருவியில்! காது கொடுத்தவரே காதைத் துளைக்கும் சாமானையும் கொடுத்தார் என்று சொன்னதும் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஃபியூஸ் நல்லது, ஹார்ன் நல்லது. இனி ரிலே. பட்டனிலிருந்து ரிலேக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றி, அந்த முனையைத் தனி வயரால் வண்டியின் இரும்போடு தொட்டேன். ‘டிக்’ என்றது, ஹார்னும் ஊதியது. ஆக, ரிலேயும் நல்லது, ஹார்னுக்குப் போகும் தடித்த வயரும் நல்லது. மொத்த வயரையும் மாற்றவேண்டும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ரிலேயிலிருந்து ஸ்டியரிங் பட்டன் வரைக்கும், அங்கிருந்து திரும்பி வரும் பாதையும்தான். மெல்லிய வயரை மறுபடி மாட்டினேன்.

அப்போதுதான் பேரன் ஒரு கேள்வி கேட்டான்: “சார், வகுப்புல பல்புக்கு ரெண்டு வயர் குடுத்தோம். இந்த ஹார்னுக்கு ஒரு வயர்தானே வருது? இன்னொன்னு எங்க?”

நல்ல கேள்வி. வகுப்பில் வாயைத் திறக்காத பையன் அவன். வண்டியில் இரண்டாவது வயர் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் இரும்பு உடம்பேதான் அது. பேட்டரியின் கழித்தல் முனையை ஒரு தடித்த வயரால் இரும்போடு சேர்த்திருப்பார்கள். விளக்கோ ஹார்னோ, வேலை முடிந்த மின்சாரம் இரும்பு வழியாகவே வீடு திரும்பும். இதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் தகராறு செய்வது இந்தத் திரும்பும் பாதைதான். துரு, சேறு, பெயிண்ட், இவற்றில் ஏதாவது ஒன்று நடுவே புகுந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஸ்டியரிங் நடுவில் இருந்த பட்டன் மூடியைக் கழற்றினோம். உள்ளே செம்பு வளையம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. பட்டனை அமுக்கினால் இந்த வளையம் ஸ்டியரிங் தண்டின் இரும்பைத் தொடவேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் வளையத்தையும் தண்டையும் சேர்த்துத் தொட்டேன். சத்தம் இல்லை. பிறகு தனி வயரின் ஒரு முனையை வளையத்தில் வைத்து, மறு முனையைக் கதவுக் கீலின் இரும்பில் வைத்தேன். ஹார்ன் அலறியது!

கவனியுங்கள். வளையத்தை வண்டி உடம்போடு சேர்த்தால் ஊதுகிறது. ஸ்டியரிங் தண்டோடு சேர்த்தால் ஊதவில்லை. அப்படியென்றால் தண்டுக்கும் வண்டி உடம்புக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. இரும்புத் தண்டு எப்படித் தொடர்பு இல்லாமல் போகும்?

பானெட்டைத் தூக்கி, தண்டு கீழே இறங்கும் இடத்தைப் பார்த்தோம். சாலையின் அதிர்ச்சி கைக்கு வராமல் இருக்க, தண்டின் நடுவே தடித்த ரப்பர் வட்டம் வைத்து இணைத்திருந்தார்கள். ரப்பரில் மின்சாரம் போகாது. அதற்காகவே ரப்பரைத் தாண்டி ஒரு செம்புப் பட்டையைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டை பச்சை பூத்து, ஒரு முனையில் அறுந்து தொங்கியது. பெரியவரை ஸ்டியரிங்கை மெதுவாக இடது பக்கம் ஒடிக்கச் சொன்னேன். அறுந்த முனை நகர்ந்து போய் இரும்பைத் தொட்டது. நேராக்கினால் விலகியது. இடது பக்கம் ஒடித்தால் மட்டும் சத்தம் கொடுக்கிறது என்று அவர் முதல் நாளே சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை!

பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஸ்டியரிங் போல்ட்டுகளை நாங்கள் தொடவே இல்லை. அது உயிர் சம்பந்தப்பட்ட இடம். ரப்பருக்கு மேலேயும் கீழேயும் தண்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, பின்னல் செம்பு வயர் ஒன்றை இரண்டு கிளிப் வைத்து இறுக்கினோம். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும்போது வயர் இழுபடாமலும் எதிலும் சிக்காமலும் இருக்கிறதா என்று பார்த்து, துரு ஏறாமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் தடவினோம். செலவு 10 வெள்ளிகூட ஆகவில்லை. மறுநாள் பெரியவர் தமக்குப் பழக்கமான போமன் ஒருவரிடம் போய் அந்த ரப்பர் வட்டத்தையும் எங்கள் வேலையையும் காட்டினார். ரப்பர் வெடித்திருந்தால் அது ஹார்னைவிடப் பெரிய ஆபத்து அல்லவா? அதிர்ஷ்டவசமாக அது நன்றாகவே இருந்தது.

வாசகர்களே, இதே வேலையை நீங்களும் செய்ய நினைத்தால் சில விஷயங்களை மறந்துவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுக்கும்போது நடுவே ஃபியூஸ் இருக்கவேண்டும். இல்லையென்றால் தவறிப் பட்ட இடத்தில் வயர் பழுத்து நெருப்புப் பிடிக்கும். ஹார்னுக்கு அருகே காதை வைக்காதீர்கள். நேராகக் கொடுத்தும் ஹார்ன் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிட்டால், பல ஹார்ன்களின் பின்னால் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அது இருந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

முக்கியமாக, இன்றைய புது வண்டிகளின் ஸ்டியரிங்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். அதற்குள் காற்றுப்பை இருக்கிறது. தெரியாமல் கை வைத்தால் வெடித்து விரிந்து முகத்தில் அடிக்கும். புது வண்டியில் ஹார்ன் நின்று, காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் பட்டை வயர் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. அது தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை.

இந்த விஷயத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது பெரியவரிடம் கேட்டேன்: “மாமா, இடது பக்கம் ஒடிச்சா ஊதுதுன்னு பட்டறையில சொன்னீங்களா?”

“சொன்னேன் சார். சிரிச்சாங்க. சரி, படிச்ச பிள்ளைங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு பேசாம இருந்துட்டேன்.”

முப்பத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் சொல்லும் வார்த்தை இது. அந்த வண்டியை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். கோளாறைக் கண்டுபிடிக்க அந்தத் தகவல்தான் முதல் படி. அதைச் சொல்லத் தயங்கி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இது பட்டறையில் மட்டும் நடப்பதில்லை. மருத்துவரிடம், அலுவலக முகப்பில், பள்ளிக்கூடத்தில் எல்லா இடத்திலும் நம் மக்கள் இப்படித்தான் பாதியிலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாய் வந்தார். மகன் எழுத்தைப் பார்த்து எழுதுவதில் மிகவும் பின்தங்கியிருந்தான். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாசல்படி வரை போனவர் திரும்பி நின்று, “சார், சொன்னா தப்பா நினைச்சுக்காதீங்க, வீட்டுல டீவியை மூக்கு ஒட்டத்தான் பார்ப்பான்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கண் மருத்துவரிடம் காட்டினார்கள். பையனுக்குக் கண்ணாடி வந்தது, முன் வரிசையில் உட்கார்ந்தான், எழுத்தும் திருந்தியது. அந்தத் தாய் பேசாமல் போயிருந்தால், பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரே சொல்லியிருக்கும்.

ஆகவே அன்பர்களே, எந்தப் பட்டறைக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும், நீங்கள் கண்டதை முழுதாகச் சொல்லுங்கள். என்றைக்கு ஆரம்பித்தது, என்ன செய்தால் வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஒரு சாமானை மாற்றவேண்டும் என்றால், அது கெட்டதாக எப்படித் தெரிந்தது என்று பணிவாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல போமன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கூடவே நின்று காட்டுவார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, சொல்ல வந்ததை மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள்.